மெய்யெண்ணா, வெறும் எழுத்தா: ஒஸ்லோ நகரச் சான்றுகளுடன் ஓர் ஆராய்ச்சி

கணினி நிரலின் உள்ளீட்டுப் பெட்டியில் ஒருவர் தட்டும் எழுத்துச் சரம் மெய்யெண்ணைக் குறிக்கிறதா, இல்லையா என்று தீர்மானிப்பது நிரலாக்கத்தின் மிகப் பழைய வேலைகளில் ஒன்று. மிக அற்பமானதென்று புதிய நிரலரிடம் தள்ளிவிடப்படும் வேலையும் அதுவே. தொகை, எடை, வெப்பநிலை, வட்டி வீதம் என எதுவானாலும் முதலில் எழுத்தாகத்தான் வந்து நிற்கிறது. எண் என்று ஒப்புக்கொள்ளப்பட்ட பிறகே கணக்கில் சேர்கிறது. இரண்டாம் வகுப்புப் பிள்ளை பார்த்தவுடன் சொல்லிவிடும் இந்த விடைக்காக ஒவ்வொரு நிரல்மொழியும் தனிச் செயற்கூறு வைத்திருக்கிறது. அச்செயற்கூறுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. சில வேளை ஒரே மொழியில் இருக்கும் இரண்டுகூட முரண்படுகின்றன.

"1,234" என்ற சரத்தை எடுத்துக்கொள்ளலாம். சென்னையில் இது ஆயிரத்து இருநூற்று முப்பத்து நான்கு. ஒஸ்லோவில் ஒன்றேகாலுக்குச் சற்றுக் குறைவு. "12,34,567" சென்னையில் பன்னிரண்டு இலட்சத்துச் சொச்சம். ஒஸ்லோவில் அது எண்ணே அல்ல. "1.234" சென்னையில் ஒன்றேகாலுக்குச் சற்றுக் குறைவு, ஒஸ்லோவில் பணத்தொகையாக வந்தால் ஆயிரத்தைத் தாண்டியதாகவும் இருக்கலாம், ஏனெனில் தொகைகளில் ஆயிரம் பிரிக்கப் புள்ளி இடும் வழக்கமும் அங்கு உண்டு. ஆக, சரத்துக்குத் தனியாக மதிப்பு கிடையாது. சரமும் ஊரும் சேர்ந்தால்தான் மதிப்பு. "இது எண்ணா?" என்று மட்டும் கேட்கும் செயற்கூறு பாதிக் கேள்வியைத்தான் கேட்கிறது. "எந்த ஊர்க்காரர் எழுதியது?" என்ற மறுபாதியைக் கேட்காததிலிருந்தே இக்கட்டுரை வகைப்படுத்தும் கோளாறுகளில் பெரும்பாலானவை பிறக்கின்றன.

ஆராய்ச்சிக்கு ஒஸ்லோ தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம் உண்டு. சிக்கலின் எல்லா இனங்களும் ஒரே நகரத்தில், பெரும்பாலும் ஒரே கடைத்தெருவில் கிடைக்கின்றன. நோர்வேயில் தசமக் குறி காற்புள்ளி. ஆயிரம் பிரிக்க இடைவெளி. இதை வட ஐரோப்பிய விநோதம் என்று தள்ளிவிட முடியாது. 2003-இல் நடந்த எடைகள், அளவைகளுக்கான 22-ஆம் பொது மாநாடு, தசமக் குறியாகப் புள்ளியும் ஆகலாம், காற்புள்ளியும் ஆகலாம் என்றது. இலக்கங்களை மும்மூன்றாகப் பிரிக்க வேண்டுமானால் இடைவெளிதான். அந்த இடைவெளியில் புள்ளியோ காற்புள்ளியோ இடக் கூடாது என்பதையும் உறுதிசெய்தது. அந்த விதிப்படி பார்த்தால் ஒழுங்காக நடந்துகொள்வது ஒஸ்லோவின் மளிகைக் கடை. விதியை மீறுபவை சென்னை, லண்டன், நியூயார்க். நிரல்மொழிகளை வகுத்தவர்களில் பெரும்பாலோர் மீறும் ஊர்களில் குடியிருந்தவர்கள் என்பதால், நிரலுக்குள் புள்ளிதான் தசமக் குறி என்று நிலைத்துப்போனது. விதியைப் பின்பற்றும் நோர்வேக்காரர் நிரலிடம் பிழைச்செய்தி வாங்கிக்கொள்கிறார்.

தசம வேலையிலிருந்து விடுபட்ட புள்ளி நோர்வேயில் சும்மா இருக்கவில்லை. எண்ணுக்குப் பின்னால் நின்றால் அது "ஆம்" விகுதி: "17." என்றால் பதினேழாம். மணிக்கும் நிமிடத்துக்கும் நடுவில் நின்றால் நேரம்: "17.30" என்பது மாலை ஐந்தரை. நாளுக்கும் மாதத்துக்கும் நடுவில் நின்றால் தேதி. இதன் உச்சநிலையை நோர்வே மொழியில் அமைக்கப்பட்ட எக்செல் காட்டித் தருகிறது. பதினேழரை என்ற பொருளில் "17.5" என்று ஒரு கட்டத்தில் தட்டினால், மென்பொருள் அதை மே மாதம் 17-ஆம் தேதி என்று எடுத்துக்கொள்ளும். 1814-இல் அரசியலமைப்புச் சட்டம் கையெழுத்தான அந்த நாள் நோர்வேயின் தேசிய நாள்; ஒஸ்லோவில் பள்ளிப் பிள்ளைகள் கொடியேந்தி அரண்மனை நோக்கி நடக்கும் நாள். எடைப் பட்டியலில் பதினேழரைக் கிலோ உருளைக்கிழங்கு இருக்க வேண்டிய இடத்தில் தேசிய விழா வந்து உட்கார்ந்துகொள்ளும். "17.13" என்று தட்டினால் தப்பிக்கலாம்; பதின்மூன்றாம் மாதம் என ஒன்று இல்லாததால் அது தேதியாக மாறுவதில்லை. ஆனால் எண்ணாகவும் மாறுவதில்லை. வெறும் எழுத்தாகவே கிடக்கும். ஒரே நெடுவரிசையில் உள்ள கட்டங்களில் சில தேதியாகவும் சில எழுத்தாகவும் கிடக்க, கூட்டுத்தொகை மட்டும் ஏதோ ஒன்றைக் காட்டிக்கொண்டிருக்கும்.

காற்புள்ளியால் பிரித்த மதிப்புகள் என்று பெயர் சூட்டப்பட்ட சி.எஸ்.வி. கோப்பும் இதே மண்ணில் தடம் மாறுகிறது. காற்புள்ளி தசமத்துக்குப் போய்விட்டதால், நோர்வே அமைப்புள்ள எக்செல் அக்கோப்பில் அரைப்புள்ளியை இட்டுப் பிரிக்கிறது. பெயர் மட்டும் மாறவில்லை.

விலைச்சீட்டில் மற்றோர் இனம் தென்படும். நூற்றுத் தொண்ணூற்றொன்பது குரோனர் என்பதை ஒஸ்லோக் கடைகள் "199,-" என்று எழுதுகின்றன. காற்புள்ளிக்குப் பின்வரும் கோடு "ஓரே ஏதும் இல்லை" என்பதற்கு அடையாளம். குரோனரில் நூற்றில் ஒரு பங்கு ஓரே. கடைசியாகப் புழக்கத்தில் இருந்த ஓரே நாணயமான 50 ஓரே, 2012 மே 1-ஆம் நாள் செல்லாக்காசானது. நாணயம் போன பிறகும் விலையில் ஓரே தொடர்கிறது. "49,90" என்றே கடைகள் எழுதுகின்றன. ரொக்கமாகக் கொடுப்பவருக்கு மட்டும் தொகை முழுக் குரோனராகிறது. இலக்கத்தில் தொடங்கிக் கழித்தல் குறியில் முடியும் "199,-" என்ற சரத்தைக் கண்ட நிரல், கணக்கு நடுவில் நின்றுவிட்டதாக எண்ணுவதில் வியப்பில்லை. மறுபக்கம், மைக்ரோசாஃப்ட் எஸ்.க்யூ.எல். செர்வரில் ஒரு சரம் எண்வகையா என்று சோதிக்கும் செயற்கூறு, தனித்து நிற்கும் கழித்தல் குறியைக்கூட "ஆம், எண்தான்" என்கிறது. டாலர் குறியையும் அப்படியே ஏற்கிறது. விலையை மறுத்து அதன் வாலை மட்டும் ஏற்கும் நிலை ஆய்வாளர்களுக்கு மிகவும் உவப்பானது.

இடைவெளி கண்ணுக்குத் தெரியாதது என்பதால் அதன் தீங்கும் தாமதமாகவே தெரியவரும். "1 234,50" என்ற தொகையில் ஒன்றுக்குப் பின்னால் இருப்பது விசைப்பலகையின் நீண்ட விசை தந்த சாதாரண இடைவெளியாக இருக்கலாம். வரியின் ஓரத்தில் எண் இரண்டாகப் பிளந்துவிடாமல் காக்கும் பிரியா இடைவெளியாகவும் இருக்கலாம். இரண்டும் திரையில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் நிரலுக்கு வேறு வேறு எழுத்துகள். மென்பொருள்கள் நோர்வே முறையில் தொகையை அச்சிடும்போது பிரியா இடைவெளியைத்தான் இடுகின்றன. அந்தத் தொகையை நகலெடுத்து இன்னொரு பெட்டியில் ஒட்டுபவர், தாம் தட்டாத எழுத்துக்காகக் கண்டிக்கப்படுகிறார்.

இவ்விடத்தில் சரிபார்ப்புச் சாத்திரம் இரு பள்ளிகளாகப் பிரிகிறது. முதற்பள்ளி முன்பகுதி வாசிப்புக் கொள்கையுடையது: சரத்தின் தொடக்கத்தில் எண்போலத் தெரிவதை எடுத்துக்கொள், எஞ்சியதை விட்டுவிடு. ஜாவாஸ்கிரிப்டின் பார்ஸ்ஃப்ளோட் இப்பள்ளியின் தலைமாணாக்கர். "1 234,50" கொடுத்தால் அது இடைவெளியில் நின்று, ஒன்று என்று விடை சொல்லும். "3,14" கொடுத்தால் மூன்று. புகார் எதுவும் இல்லை. சி மொழியின் ஏடாஃப் இன்னும் பெருந்தன்மையானது. எண்ணே இல்லாத சரத்துக்கும் பூச்சியம் என்று விடை தரும். அது உண்மையான பூச்சியமா, தோல்வியின் பூச்சியமா என்று அறிய வழியில்லை. இரண்டாம் பள்ளி முழு வாசிப்புக் கொள்கையுடையது: ஓர் எழுத்து பிசகினாலும் முழுச் சரத்தையும் திருப்பியனுப்பு. பைத்தானின் ஃப்ளோட் இதைச் சேர்ந்தது. முதற்பள்ளி பயனருக்கு இனியது, கணக்குக்குக் கொடியது. இரண்டாம் பள்ளி நேர்மாறு. ஆயிரத்து இருநூறு குரோனர் அனுப்ப நினைத்தவர் ஒரு குரோனர் அனுப்பியதாகப் பதிவாவதைவிட, பிழைச்செய்தி பார்த்து எரிச்சலடைவது மேல் என்பதால் இக்கட்டுரை இரண்டாம் பள்ளியின் பக்கமே நிற்கிறது. சி மொழியில் நடுவழியும் உண்டு. ஸ்டர்-டு-டி என்ற செயற்கூறு எண்ணைத் தருவதோடு எந்த எழுத்தில் வாசிப்பு நின்றது என்பதையும் சொல்லும். அந்த இடம் சரத்தின் முடிவா என்று பார்ப்பது நிரலரின் பொறுப்பு. பார்க்காமல் விடுவது வழக்கம். நோர்வேச் சூழலமைப்பில் இயங்கும்போது இதே செயற்கூறு காற்புள்ளிக்கு மாறிக்கொண்டு, "3.14" என்பதை மூன்றோடு நிறுத்திவிடும். சென்னையில் எழுதிச் சோதித்த நிரல் ஒஸ்லோவில் தானாகவே குணம் மாறுவது இவ்வாறே.

கழித்தல் குறியின் விவகாரம் குளிர்நாட்டில் தனி முக்கியத்துவம் பெறுகிறது. விசைப்பலகையில் உள்ள சிறு கோடு கழித்தல், இணைப்பு என இரு வேலை பார்க்கும். யூனிகோடில் 2212 என்ற இடத்தில் கழித்தலுக்கென்றே நீளமான கோடு ஒன்று இருக்கிறது. உலக வட்டார வழக்குகளைத் தொகுத்த யூனிகோடு தரவுத்தொகுப்பு, நோர்வே மொழிக்கு இந்த நீளக் கோட்டையே விதித்திருக்கிறது. நோர்வேயில் இதுவரை பதிவான கடுங்குளிர் 1886 சனவரி 1-ஆம் நாள் காரஷோக்கில்: பூச்சியத்துக்குக் கீழே 51,4 பாகை. இம்மதிப்பை நோர்வே முறையில் எழுதித் தரும்படி உலாவியைக் கேட்டால் நீளக் கோடும் காற்புள்ளியும் இட்டு அழகாகத் தரும். அதே சரத்தை அதே உலாவியிடம் எண்ணாக மாற்றக் கொடுத்தால் "எண் அல்ல" என்று கைவிரிக்கும். தன் கையெழுத்தைத் தானே படிக்க முடியாத மருத்துவர் போன்றது இந்நிலை. அவசரத்தில் சில நிரலர்கள் இலக்கமும் புள்ளியும் தவிர மற்ற எல்லாவற்றையும் வடிகட்டி எறிந்துவிடுவதுண்டு. அப்போது காரஷோக்கின் வெப்பநிலை ஐந்நூற்றுப் பதினான்கு பாகையாகிறது. சரிபார்ப்பு வெற்றி, ஊர்தான் எரிந்துவிட்டது.

இதுவரை கூறியவை எண்ணாக இருந்தும் மறுக்கப்படும் சரங்கள். எண்ணாக இல்லாதிருந்தும் ஏற்கப்படும் சரங்கள் ஒஸ்லோவில் அதைவிட மிகுதி. நகரத்தின் அஞ்சல் குறியீடுகள் பெரும்பாலும் பூச்சியத்தில் தொடங்குகின்றன. அரச மாளிகையின் குறியீடு 0010. நாடாளுமன்றமான ஸ்டோர்டிங்கின் குறியீடு 0026. எண்ணாக மாற்றினால் அரசர் பத்தாகவும் நாடாளுமன்றம் இருபத்தாறாகவும் சுருங்கும். நோர்வேயின் குடிமக்கள் அடையாள எண் 1964-இல் வந்தது; பதினோரு இலக்கம், முதல் இரண்டு பிறந்த நாள். மாதத்தின் முதல் ஒன்பது நாள்களில் பிறந்த ஒவ்வொருவருடைய அடையாள எண்ணும் பூச்சியத்தில் தொடங்கும். மெய்யெண்ணாகக் கொண்டால் அவர்கள் எல்லாரும் ஓர் இலக்கம் குறைந்தவர்கள். இவ்வகையைக் கண்டறிய எளிய சோதனை உண்டு: இரண்டைக் கூட்டினால் பொருள் வருகிறதா? இரண்டு விலைகளைக் கூட்டினால் விலை. அரண்மனையையும் நாடாளுமன்றத்தையும் கூட்டினால் எதுவும் இல்லை. கூட்ட முடியாதது இலக்கங்களால் எழுதப்பட்ட பெயர். அதை மெய்யெண் சோதனைக்கு அனுப்புவதே தவறு.

அந்தப் பதினோரிலக்கத்தின் கடைசி இரண்டும் சரிபார்ப்பு இலக்கங்கள். 1920-இல் ஒஸ்லோவில் பிறந்த கணித அறிஞர் எர்ன்ஸ்ட் செல்மர் வகுத்த முறை அது. பதினொன்றால் வகுத்து வரும் மீதியைக் கொண்டு தட்டச்சுப் பிழைகளைப் பிடிக்கும். வங்கிக் கணக்கு எண்களிலும் பதினோரிலக்கமும் பதினொன்றால் வகுக்கும் முறையும் உண்டு. அங்கே சரிபார்ப்பு இலக்கம் ஒன்றுதான். இம்முறையின் வரம்பு ஒரு வழக்கில் வெளிப்பட்டது. 2000-களில் இணைய வங்கி வழியே தன் மகளுக்கு ஐந்து இலட்சம் குரோனர் அனுப்பிய பெண் ஒருவர், கணக்கு எண்ணில் அடுத்தடுத்து வரும் ஒரே இலக்கத்தை ஒருமுறை கூடுதலாகத் தட்டிவிட்டார். பன்னிரண்டு இலக்கம் ஆனதும் நிரல் மறுத்திருக்க வேண்டும். மாறாக, கடைசி இலக்கத்தை வெட்டிவிட்டுப் பதினொன்றாக்கிக்கொண்டது. வெட்டுண்ட எண் சரிபார்ப்பிலும் தேறியது. பணம் முன்பின் தெரியாத ஒருவர் கணக்கில் போய்ச் சேர்ந்தது. தற்செயலான பிழைகளில் ஏறத்தாழ பதினொன்றில் ஒன்று இச்சோதனையில் தப்பிவிடும் என்பது கணிதம். மிகுதியைச் சொல்லாமல் வெட்டியது முன்பகுதி வாசிப்புப் பள்ளியின் கைவண்ணம்.

வடிவம் முற்றிலும் சரியாக இருந்து மதிப்பு மட்டும் வானத்துக்குப் போன நிகழ்ச்சி 2025 சூனில் நடந்தது. அரசு லாட்டரி நிறுவனமான நோர்ஸ்க் டிப்பிங், யூரோஜாக்பாட் பரிசுத்தொகைகளை யூரோ சென்டிலிருந்து குரோனருக்கு மாற்றும்போது நூறால் வகுப்பதற்குப் பதில் நூறால் பெருக்கிவிட்டது. பரிசுகள் பத்தாயிரம் மடங்காகி, ஆயிரக்கணக்கானோர் கைப்பேசியில் தாங்கள் பெருஞ்செல்வர்கள் என்ற செய்தியைப் படித்தார்கள். நிறுவனத்தின் தலைமை அலுவலர் பதவி விலகினார். எந்தச் சரிபார்ப்பும் இங்கே தோற்கவில்லை. ஒவ்வொரு தொகையும் குறையற்ற மெய்யெண்.

இவ்வளவு கோளாறுக்கும் தீர்வு இதே நகரத்தில் முன்னரே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது என்பது வரலாற்றின் குறும்பு. நகரத்தின் பெயர் கிறிஸ்தியானியாவாக இருந்த காலத்தில் அங்கே பேராசிரியராக இருந்தவர் ஆக்செல் தூ. 1906-இலும் 1912-இலும் முடிவிலா எழுத்துத் தொடர்களின் இயல்பை ஆராய்ந்தார். 1914-இல், கொடுக்கப்பட்ட விதிகளின்படி ஓர் எழுத்துச் சரத்தை இன்னொன்றாக மாற்ற முடியுமா என்ற கேள்வியை எழுப்பினார். அதற்குப் பொதுவான வழிமுறை இல்லையென்று 1947-இல் கணித அறிஞர்களான போஸ்ட், மார்க்கோவ் இருவரும் தனித்தனியே நிறுவினர். இடையில், 1909-இல், இயற்கணித மெய்யெண்களைப் பின்னங்களால் எவ்வளவு நெருங்க முடியும் என்பதற்கு எல்லை கட்டியவரும் அதே தூதான். எழுத்துச் சரமும் அவர் மேசையில் இருந்தது. மெய்யெண்ணும் அவர் மேசையில் இருந்தது. இரண்டையும் இணைக்கும் உள்ளீட்டுப் பெட்டி மட்டும் இல்லை. பின்னாளில் ஒஸ்லோவில் பேராசிரியரான தொரால்ஃப் ஸ்கோலெம் இன்னும் கலவரமான செய்தியைச் சொன்னார்: மெய்யெண்களுக்கு முதல்நிலைத் தர்க்கத்தில் எந்த விதிமுறைகளை வகுத்தாலும், எண்ணி வரிசைப்படுத்தக்கூடிய ஒரு சிறு உலகமும் அவ்விதிகளை நிறைவுசெய்துவிடும். தட்டச்சு செய்யக்கூடிய சரங்களோ எண்ணி வரிசைப்படுத்தக்கூடியவை. மெய்யெண்கள் அப்படியல்ல என்பதை 1874-இலேயே கணித அறிஞர் கான்டர் காட்டிவிட்டார். எனவே மிகப் பெரும்பாலான மெய்யெண்களை எந்த ஊர்க்காரரும் எந்தப் பெட்டியிலும் தட்ட முடியாது. நிரலருக்கு இது நல்ல செய்தி, வேலை குறைகிறது.

தத்துவத்திலிருந்து கருவிக்கு வந்தவர்கள் ஓலெ-யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்டு. ஒஸ்லோவின் நோர்வேக் கணிப்பு மையத்தில் அவர்கள் உருவாக்கிய சிமுலா 67, பொருள்நோக்கு நிரலாக்கத்தின் தாய்மொழி; அதற்காக 2001-ஆம் ஆண்டின் டூரிங் விருது இருவருக்கும் கிடைத்தது. வகுப்பு, மரபுரிமை என்ற பெருமைகளின் நிழலில் அம்மொழியின் சிறு உறுப்புகள் சில மறக்கப்பட்டுவிட்டன. சிமுலாவில் எழுத்துச் சரம் தன்னுள் இருக்கும் எண்ணைத் தானே எடுத்துக் கொடுக்கும். முழு எண்ணுக்குக் கெட்இன்ட், மெய்யெண்ணுக்குக் கெட்ரியல். எண் இல்லாத சரமானால் பூச்சியம் என்று சமாளிக்காமல் நிரலையே நிறுத்திவிடும். மூன்றாவதான கெட்ஃப்ராக் தனிச் சிறப்புடையது. இலக்கங்களுக்கு இடையில் இடைவெளிகளும் ஒரு தசமக் குறியும் வரலாம் என்று அது ஒப்புக்கொண்டு, அவற்றை விலக்கிவிட்டு முழு எண்ணாக விடை தரும். 1987-இல் சுவீடனின் தேசியத் தரமாக வெளிவந்த வடிவில், தசமக் குறி புள்ளியா காற்புள்ளியா என்று நிரலர் மாற்றிக்கொள்ள டெசிமல்மார்க் என்ற செயற்கூறும் உண்டு. காற்புள்ளி என்று அறிவித்துவிட்டு "1 234,50" கொடுத்தால் 123450 கிடைக்கும். அதாவது ஓரே கணக்கில் சல்லிக்காசு பிசகாத தொகை. "1 234,5" என்று ஓர் இலக்கத்தைச் சோம்பலால் விட்டவருக்குப் பத்தில் ஒரு பங்குதான் கிடைக்கும் என்பது உரையாசிரியர்கள் அடிக்குறிப்பில் எழுத வேண்டிய எச்சரிக்கை. அப்படியும், எழுதியவரின் ஊரைக் கேட்க வேண்டும் என்று நினைத்த மொழி அது. சிமுலாவிலிருந்து வகுப்புகளை எடுத்துக்கொண்ட பின்வந்த மொழிகள் காற்புள்ளியை ஒஸ்லோவிலேயே விட்டுச் சென்றன.

வாய்மொழி உள்ளீட்டையும் நோர்வே அரசு ஒருமுறை திருத்தியிருக்கிறது. இருபத்தைந்தை "ஐந்தும் இருபதும்" என்று சொல்வதே அங்கே பழைய வழக்கம். தொலைபேசி எண்கள் நீண்டபோது இணைப்பகத்தில் இலக்கங்கள் இடம் மாறின. தொலைபேசித் துறை முறையிட, ஸ்டோர்டிங் ஒப்புதல் தர, 1951 சூலை 1 முதல் பத்தை முன்னும் ஒன்றைப் பின்னும் சொல்வது அதிகாரமுறை ஆனது. தமிழர் எந்தச் சட்டமும் இல்லாமலேயே "இருபத்தைந்து" என்று சொல்லிவருபவர்கள். ஒஸ்லோவில் பழைய முறையில் எண்ணுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சட்டம் தொண்டை வரை போகவில்லை.

தமிழரைப் பற்றிய மற்றொரு கண்டுபிடிப்பு இத்துறையில் போதிய கவனம் பெறவில்லை. பைத்தானின் ஃப்ளோட் செயற்கூறு, யூனிகோடு பத்தடி இலக்கங்கள் என்று வகைப்படுத்திய எல்லா எழுத்துகளையும் இலக்கமாக ஏற்கும். தமிழ் இலக்கங்கள் அவ்வகையைச் சேர்ந்தவை. ஆகவே ஒஸ்லோவில் உள்ள ஒரு வழங்கியில் ஓடும் பைத்தான் நிரலிடம், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய ஒருவர் "௩.௧௪" என்று தட்டினால் அது உடனே ஏற்றுக்கொள்ளும். அடுத்த நாற்காலியில் இருக்கும் நோர்வேக்காரர் தன் நாட்டு முறைப்படி "3,14" என்று தட்டினால் மறுத்துவிடும். தமிழ் இலக்கத்தில் இன்று தொகை எழுதுபவர் அரிது என்பதால் இவ்வுரிமை பயன்படாமலே கிடக்கிறது. அதிலும் ஒரு வரம்பு உண்டு. பழைய ஏடுகளின் முறைப்படி பத்துக்குரிய ௰, நூறுக்குரிய ௱, ஆயிரத்துக்குரிய ௲ ஆகியவற்றை இட்டு எழுதினால் பைத்தான் ஏற்காது. இவை எண்மதிப்பு உள்ளவை, ஆனால் இலக்கம் அல்ல என்பது யூனிகோட்டின் தீர்ப்பு. பூச்சியக் குறி இல்லாமலே பெருந்தொகை எழுதிய முறைக்கு இது பின்னடைவுதான். தமிழ்ப் பூச்சியமே 2005-இல்தான் யூனிகோட்டில் இடம்பெற்றது. முந்திரி முதலான பின்னக் குறிகள் 2019-இல் வந்தன. முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு; அதன் மதிப்பைப் பைத்தானின் எழுத்துத் தரவகராதி பிழையின்றிச் சொல்லும், ஃப்ளோட் மட்டும் அதை எண்ணென்று ஒப்புக்கொள்ளாது.

எஞ்சிய சில இனங்களுக்கு நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. முடிவிலியையும், எண் அல்ல என்பதற்கான நேன் குறியையும் ஆங்கில எழுத்தில் தட்டினால் பைத்தான் அவற்றை எண்வகையாகவே ஏற்கும். "எண் அல்ல" என்ற எண்ணை வயதுப் பெட்டியில் அனுமதிப்பதா என்பது நிரலரின் மனச்சாட்சியைப் பொறுத்தது. "0,1" போன்ற எளிய சரத்துக்கும் இரும முறையில் துல்லியமான உருவம் கிடையாது. கிடைப்பது அருகில் உள்ள மதிப்பு. 2011-இல் ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய இரு மிகச்சிறு எண்கள், இரண்டுமே தோராயமாக 2.225-ஐப் பத்தின் கழித்தல் 308-ஆம் அடுக்கால் பெருக்கியவை, ஒன்று பி.எச்.பி.யையும் மற்றது ஜாவாவையும் நிறுத்திவைத்தன. சரத்தை எண்ணாக்கும் வழிமுறை இரு அண்டை மதிப்புகளுக்கு நடுவில் முடிவின்றி ஊசலாடியதே காரணம். ஐயத்துக்கு இடமில்லாத மெய்யெண்கள் அவை. எண்தானா என்று பார்க்கப் போன நிரல்தான் திரும்பிவரவில்லை.

நடைமுறைக்கு வரும்போது வேலைகளின் வரிசை முக்கியம். முதலில், அப்பெட்டியில் வருவது எண்தானா, எண்ணைப் போன்ற பெயரா என்று முடிவுசெய்ய வேண்டும். அஞ்சல் குறியீடும் கணக்கு எண்ணும் இங்கேயே விலகிவிடும். அடுத்து, எழுதுபவரின் எண்வழக்கை அறிய வேண்டும். இதைச் சரத்தைப் பார்த்து ஊகிக்கக் கூடாது. "1,234" யாரிடமிருந்து வந்தது என்பதை அச்சரம் தானாகச் சொல்லாது. வழக்கு தெரிந்த பின் இருபுற வெற்றிடத்தை நீக்கலாம். இருவகைக் கழித்தல் குறியையும் ஒன்றாக்கலாம். இலக்கங்களை மும்மூன்றாகச் சரியாகப் பிரித்திருந்தால் மட்டும் இடைவெளிகளை எடுக்கலாம். "1 2 34" என்று வந்தால் திருப்பியனுப்புவதே முறை. விலைச்சீட்டின் ",-" வாலைத் தொகைப் பெட்டியில் ஏற்கலாம், வெப்பநிலைப் பெட்டியில் கூடாது. பின்னர் முழுச் சரமும் பொருந்துகிறதா என்று பார்த்து, எண்ணாக்கி, அந்த எண் நடக்கக்கூடியதா என்று வரம்பைச் சோதிக்க வேண்டும். ஐந்நூறு பாகை வெப்பநிலையும் பத்தாயிரம் மடங்குப் பரிசும் சிக்குவது இங்கேதான். பணமானால் பின்ன வடிவில் வைக்காமல் ஓரேயாக, முழு எண்ணாக வைப்பது நலம். பெருந்தொகையானால் நிரல் புரிந்துகொண்டதைச் சொற்களில் எழுதிக் காட்டி ஒப்புதல் கேட்கலாம். காசோலையில் தொகையைச் சொல்லாலும் எழுதச் சொன்ன வங்கிகள் இதை முன்பே அறிந்திருந்தன.

வெற்றுப் பெட்டியைத் தனியே கவனிக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்டின் நம்பர் செயற்கூறு வெற்றுச் சரத்தைப் பூச்சியமாக மாற்றும். வெறும் இடைவெளிகளையும் அப்படியே மாற்றும். பைத்தான் இரண்டையும் மறுக்கும். எதுவும் எழுதாதவர் பூச்சியம் என்று எழுதியவர் ஆகமாட்டார். ஆதலால் பெட்டி நிரம்பியிருக்கிறதா என்ற சோதனை மற்றச் சோதனைகளுக்கு முன்னால், இருபுற வெற்றிடத்தை நீக்கிய உடனே செய்யப்பட வேண்டும்.